இணையப் பக்கக் கலையும் மலைநாட்டு முகவரியும்

ஓலையில் எழுதிய காலத்திலே பக்கம் என்னும் சொல்லுக்கு இன்றைய பொருள் இருந்ததில்லை. ஏட்டின் நீளத்தையும் அகலத்தையும் பனையோலையே வரையறுத்தது. எழுதுவோர் அவ்வெல்லைக்குள் வரிகளை நெருக்கி எழுதினர். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி விடப்படவில்லை. கற்றோர் அதனைப் பிரித்துப் படித்தனர்; கல்லாதார்க்கு அஃது எட்டாததாகவே இருந்தது. அச்சு வந்தபின்னரே நாற்புறமும் வெளி விடுதல், தலைப்பைப் பெரிய எழுத்தில் அமைத்தல், பந்தி பிரித்தல் ஆகிய வழக்கங்கள் தமிழர் கண்ணுக்குப் பழகின. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு தமிழகஞ் சென்று அச்சியந்திரத்தோடு மீண்டு, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவர் பதிப்பித்த பாலபாடங்களிலே குறியீடுகளும் பந்திகளும் இளமாணாக்கர் கண்ணை நோக்கி அமைந்தன. பக்க அமைப்பு வெறும் அலங்காரமன்று. இன்னார் படிக்க வேண்டும் என்னும் எண்ணமே பக்கத்தில் உருவம் பெறுகின்றது. இவ்வுண்மை அந்நூல்களைப் புரட்டுவார்க்கு எளிதில் விளங்கும்.

இன்று பக்கம் தாளை விட்டுத் திரைக்கு வந்துவிட்டது. அச்சியந்திரமும் ஈயவெழுத்தும் முதலும் இல்லாத ஒருவர், ஓய்வு நேரத்திலே, ஊதியங் கருதாது, தமக்கென ஓர் இணையப் பக்கத்தைத் தாமே வரைந்து அமைத்து உலகின் முன் வைத்தல் இயலும். பள்ளிக்கூடங்களிலே முன்னர் நடைபெற்ற கையெழுத்துப் பத்திரிகையின் வழித்தோன்றலே இப்பொழுதுபோக்கு எனல் பொருந்தும். கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பிரதியே உண்டு; அது கைமாறிக் கைமாறி வகுப்பைச் சுற்றிவரும். அதன் ஓரங்களிலே மாணவர் வரைந்த கொடிகளும் பூக்களும் அவர்தம் சொந்தக் கையின் தடங்கள். இணையப் பக்கத்தின் தலைப்புப் படம், பின்னணி, பொத்தான், எழுத்துரு, பத்தி அமைப்பு ஆகியனவும் அவ்வாறே ஒருவருடைய சொந்தக் கைவண்ணமாதல் கூடும். ஆகாமற் போதலும் கூடும்.

இக்கலையை மலைநாட்டை முன்வைத்து மதிப்பிடுதல் தகும். நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து கல்வி கற்ற இளைஞர் பலர், தம் தோட்டத்தையும் பள்ளியையும் கோயிலையும் பற்றித் தாமே பக்கம் அமைக்க விழைகின்றனர். அவ்வாறு அமைப்போர்க்குப் பிறரிடம் இல்லாத ஒரு கடமை உண்டு. லயத்தில் வாழ்ந்தோர்க்குத் தனித்த அஞ்சல் முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. ஒரு குடும்பத்துக்கு வந்த கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து, அங்கிருந்து கைமாறி, காலந்தாழ்ந்தோ தாழாமலோ உரியவரைச் சேர்ந்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்தபின் கைக்கு வந்த துயரத்தை மலைநாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இக்குறை பல தோட்டங்களில் இன்றும் முற்றாகத் தீர்ந்திலது. இத்தகையோர் திரையிலே தமக்கென ஒரு முகவரியைப் பெறும்போது, அம்முகவரியிலே எவ்வகை முகத்தைக் காட்டுகின்றனர் என்பது சிறிய வினாவன்று. படம், எழுத்து, அமைப்பு என்னும் மூன்றையுங் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் வேண்டும்.

படம்

தோட்டத்தைப் பற்றிப் பக்கம் அமைக்கப் புகுவார் உள்ளத்திலே முதற்கண் எழும் உருவம் ஒன்றே. மலைச்சரிவு முழுதும் பசுமை. அதனிடையே தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை தொங்கக் கொழுந்து பறிக்கும் பெண். அவள் முகத்திலே புன்னகை. இப்படத்தைத் தலைப்பின் மேல் விரித்துப் பச்சை வண்ணத்தைப் பின்னணியாக்கினால், மலைநாட்டுப் பக்கம் முற்றுப் பெற்றுவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இப்படம் எங்கிருந்து வந்தது என்று வினவுவார் சிலரே.

ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாக அதுவே போற்றப்படுகின்றது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் தேயிலை மலைகளெங்கும் பரவியது. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு இலங்கை வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்துத் தேயிலை நேரே வீட்டுக் கேத்தலுக்கு வருகின்றது என்னும் கருத்தை வாங்குவோர் நெஞ்சில் ஊன்ற, கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரங்களிலும் பொட்டலங்களிலும் இடம்பெற்றது. ஆகவே, அப்புன்னகை தேநீர் அருந்துவார் மனம் மகிழத் தீட்டப்பட்டது. தோட்டத்தார் தம்மைத் தாமே கண்ட கண்ணிலிருந்து அது பிறக்கவில்லை. பறித்த கொழுந்தின் நிறையும், அட்டைக் கடியும், இடுப்பிற் கட்டிய படங்கின் ஈரமும் அதில் இல்லாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

மலைநாட்டின் மண்ணிலே பொழுதுபோக்காகக் கலை பயின்றாருள் உலகப் புகழ் பெற்ற ஒருவரையும் ஈண்டு நினைத்தல் பொருந்தும். யூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது 1863ஆம் ஆண்டு, தம் 48ஆம் வயதில், மகள் பரிசளித்த புகைப்படப் பெட்டியைக் கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். அறிஞர் பலர் முகங்களை அண்மையில் நின்று ஆழமாகப் பதித்த அப்படங்கள் புகைப்படக் கலை வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றவை. 1875ஆம் ஆண்டு கணவரோடு இலங்கை வந்த அவர், இங்கும் சில படங்களை எடுத்தார். 1879ஆம் ஆண்டு டிக்கோயாவிலுள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்து, பொகவந்தலாவை மரியாள் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த தெனிசன், டார்வின், கார்லைல் ஆகியோரை உலகம் பெயர் சொல்லி அறியும். இலங்கையில் அவர் பெட்டியின் முன் நின்ற உழைப்பாளர்க்கோ பெயர் இல்லை. ‘இளம் பெண்’, ‘குடியானவர் கூட்டம்’ என்னும் வகைச் சொற்களே உள்ளன. கலைத்திறம் குன்றாத கை அது; அன்பற்ற கண்ணும் அன்று. எனினும் பெயர் விடுபட்டது.

தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் உழைப்புக்குப் ‘பேர்’ என்றே பெயர். முழு நிறைக்குக் கொழுந்து பறித்தவளுக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கூலி கொடுக்க வேண்டிய கணக்குப் புத்தகம் அவளைப் பெயர் சொல்லி அறிந்திருந்தது, படமோ அறியவில்லை. இந்நிலையில், அவளுடைய பேரனோ பேர்த்தியோ தாம் அமைக்கும் பக்கத்திலும் பெயரற்ற அதே உருவத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவது பொருத்தமாகாது. அவ்வாறு எடுக்கும் படம் மூணாற்றினதோ அசாமினதோ என்பதைக் கூட ஆராயாது ஒட்டிவிடல் எளிது. பச்சைச் சரிவுகள் தொலைவில் நின்று நோக்குவார்க்கு ஒன்றுபோலவே தோன்றும். படம் மாறினாலும் வேறுபாடு தெரியாதெனின், அது எவ்விடத்தையும் காட்டவில்லை என்பதே பொருள்.

இதனாற் கொழுந்து பறிப்பவள் படமே கூடாதென்று விலக்குவது நேரிய திறனாய்வாகாது. அவள் உழைப்பே மலைநாட்டின் அடிப்படை. அவளை மறைத்தலும் பிழையேயாகும். வேண்டுவது அவள் இசைவோடு, அண்மையில் நின்று, பெயரோடும் தோட்டப் பிரிவோடும் காட்டுதல். அதனினும் மேலாக வேண்டுவது, அவள் கை செய்யும் பிறவற்றையும் காணுதல். தைப்பொங்கலன்று லயத்து வாசலிலே அவள் இடும் கோலமும், காமன் கூத்துக்கு இளைஞர் புனையும் ஒப்பனையும், பிரட்டுக்களத்து மணியும், தகரக் கூரைமேற் படியும் பனியும் வரைகலைக்கு உரிய பொருள்களே. இவை எந்தத் தேயிலைப் பொட்டலத்திலும் அச்சிடப்படவில்லை; ஆதலின், இவற்றை வரைவோர் பிறர் கண்ணை இரவல் பெற வேண்டுவதில்லை.

எழுத்து

படத்திற் காட்டும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கையேனும் எழுத்திற் காட்டுவார் அரியர். இணையத்திலே தமிழெழுத்து ஏறிய வரலாறே பொழுதுபோக்காளர் பலர் உழைத்த வரலாறாகும். 1995ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றினார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராய் இருந்த கு. கலியாணசுந்தரம், தம் தொழிலுக்குப் புறம்பாக, ஓய்வு நேரத்தில் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை அமைத்து இலவசமாக வழங்கினார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் அவரே முன்னின்றார். அக்காலத்திலே ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தமையால், அதனைத் தம் கணினியில் முன்னரே நிறுவாதார்க்குத் தமிழ்ப் பக்கம் பொருளற்ற குறிகளின் குவியலாகவே தோன்றியது. சிலர் முழுப் பக்கத்தையும் படமாக்கி ஒட்டினர். 1991ஆம் ஆண்டிலேயே யூனிகோட் என்னும் பொதுக்குறியீட்டில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்த போதிலும், அது கணினிகளிலே பரவலாகக் கைவரப் பல ஆண்டுகள் சென்றன. இன்று அத்தடை இல்லை. எழுத்தைத் தந்தோர் தம் கடமையை முடித்தனர். அதனைப் பக்கத்திற் செவ்வனே அமர்த்துதல் பின்வந்தோர் கடமை.

அக்கடமையிலே பெரும்பாலார் தவறுமிடம் ஒன்றுண்டு. ஆயத்தமாகக் கிடைக்கும் பக்கச் சட்டங்கள் ஆங்கிலத்தை எண்ணி வகுக்கப்பட்டவை. ஆங்கிலத்திலே பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. ஆகவே, தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தில் அமைத்து, எழுத்துகளிடையே வெளி விட்டு, அதற்கு மிடுக்குத் தருவர். தமிழில் அவ்விருவகை இல்லை. சட்டத்தை அப்படியே கொண்டு எழுத்திடை வெளியை மட்டும் மிகுத்தால், கொம்பும் காலும் தத்தம் மெய்யை விட்டு விலகி நிற்கும். ‘கொழுந்து’ என்னும் சொல்லே சிதறிவிடும். தமிழ்த் தலைப்புக்கு மிடுக்குத் தர வல்லன அளவும் தடிப்பும் வண்ணமும் இடமுமே. இவற்றுள்ளும் தடிப்பை அளவோடு கையாளுதல் வேண்டும். ண, ஞ, ஐ முதலிய எழுத்துகளின் சுழிகள் தடிப்பு மிகுந்தால் அடைபட்டு ஒரே கறையாகும். சாய்வெழுத்து ஐரோப்பியக் கையெழுத்து மரபினது. தமிழுக்கு அஃது இயல்பன்று.

வரியிடைவெளியும் அத்தகையதே. இகர ஈகாரங்களின் விசிறியும் மெய்யின் புள்ளியும் மேலே எழுகின்றன. உகர ஊகாரங்களின் குறி சில எழுத்துகளிலே கீழே இறங்குகின்றது. ஆங்கிலத்துக்குப் போதிய இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் வாலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். இன்னும், தமிழ் ஒட்டுமொழியாதலின் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய பத்தியிலே இருபுறமும் சமமாக வரியை நீட்டி நிறுத்த முயன்றால், ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று, நடுவிலே பெரிய பள்ளம் விழும். இடப்புறத்தை நேராக்கி வலப்புறத்தை அதன் போக்கில் விடுவதே படிப்பார் கண்ணுக்கு இதம் தரும். இவை நுட்பத் துறையாரின் மறைபொருள்கள் அல்ல. தம் தாயார்க்கு ஒரு பக்கத்தைக் காட்டி அவர் எங்கே தடைப்படுகின்றார் என்று நோக்குவார் எவரும் ஒரு மாலைப் பொழுதிற் கண்டறியக் கூடியவை.

வண்ணத்தையும் இங்கேயே கூறல் வேண்டும். தேயிலை பச்சையாதலின் பக்கமும் பச்சையாதல் வேண்டும் என்னும் எண்ணத்தாற் பச்சைப் பின்னணியிலே மஞ்சள் எழுத்தை இடுவாருளர். 1987ஆம் ஆண்டு தோன்றிய கிஃப் என்னும் பட வகை 256 வண்ணங்களுக்கு மேற் கொள்ள மாட்டாதது. அக்காலத்தார் வண்ணத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டனர். இன்று எண்ணிறந்த வண்ணங்கள் கிடைக்கின்றன; எண்ணுதல்தான் ஒழிந்தது. வெண்மையான பின்னணியிலே கரிய எழுத்து நிற்க, தலைப்புக்கு மட்டும் ஒரு வண்ணம் இருத்தல் எளிமையின் குறை என்று நினைத்தல் தவறு.

அமைப்பு

மூன்றாவதாகிய அமைப்பிலேயே ஒருவருடைய சொந்த ஆற்றல் முழுவதும் வெளிப்படும். எதனை முதலில் வைப்பது, எதனை எதனோடு சேர்ப்பது, எவ்வளவு வெளி விடுவது என்பனவே அமைப்பின் வினாக்கள். இவற்றுக்கு விடை காண மேனாட்டு நூல்களைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. லயத்து வாசலிலே கோலமிடும் பெண் இக்கலையை நன்கறிவாள். முதலிற் புள்ளி, பின்னரே இழை. வாசலின் அகலத்தை நோக்கி இத்தனை புள்ளி என்று அவள் முடிவு செய்கின்றாள். நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்று தெரிகின்றாள். இடம் ஒடுங்கியதாயின், பெரிய கோலத்தைச் சுருக்கி நெரிக்காமற் சிறிய கோலத்தைத் தேர்கின்றாள். திரையும் புள்ளிகளால் ஆயதே. அதன் மீது அமையும் பக்கத்துக்கும் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி வரிசை வேண்டும். 10 அடிக்கு 12 அடி என்னும் அளவினதாகிய லயத்து அறையின் வாசலுக்கேற்பக் கோலம் இட்ட மரபினர், உள்ளங்கையளவு திரைக்கேற்பப் பக்கம் அமைத்தல் அரிதன்று.

உள்ளங்கையளவு திரை என்பது உவமையன்று. தோட்டத்துப் படிப்பாளர் பெரும்பாலும் கையடக்கத் தொலைபேசியிலேயே பக்கத்தைக் காண்கின்றனர். அதுவும் மலையிடுக்குகளில் அலைவரிசை நலிந்து வரும் இடங்களில். 2020ஆம் ஆண்டு தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையிலே, இலங்கையின் மலைப்புறப் பிள்ளைகள் பாடங்களைப் பெற மேட்டு நிலங்களுக்கு ஏறிச் சென்றமை செய்திகளில் வெளிவந்தது. இந்நிலையிலே பக்கத்தின் எடையும் அமைப்பின் ஓர் உறுப்பாகின்றது. இன்று பெருவழக்கிலுள்ள யூனிகோட் முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட்டு வேண்டும். 10,000 குறியீடுகள் கொண்ட ஒரு கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்டு அளவினது. தலைப்பின் மேல் விரிக்கப்படும் ஒரு பச்சைமலைப் படம் 3 மெகாபைட்டு உடையதாயின், அஃது அத்தகைய 100 கட்டுரைகளின் எடைக்கு நிகர். கட்டணஞ் செலுத்தி அப்படத்தை இறக்கிக் காத்திருக்கும் மாணவிக்கு, தன் வீட்டு வாசலிலே நாள்தோறும் காணும் மலையையே அது காட்டுகின்றது. தொலைநாட்டார் மகிழ அமைந்த பக்கம் எது, தோட்டத்தார் பயன்கொள்ள அமைந்த பக்கம் எது என்பதை இவ்வொரு கணக்கே பிரித்துக் காட்டும்.

படிப்பாரை அறிந்து வடிவம் வகுத்தோர் மலைநாட்டில் முன்னரும் இருந்தனர். கோ. நடேசய்யர் துணி வணிகர் போன்று தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர். 1931ஆம் ஆண்டு அட்டனை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அவர்க்குப் படைக்கலங்களாயின. அவர் மனைவியார் மீனாட்சியம்மையார் மக்கள் அறிந்த மெட்டுகளிலே பாட்டியற்றிக் கூட்டங்களிற் பாடினார். அவை சிறு பிரசுரங்களாக அச்சேறி மக்களிடையே சென்றன. எழுத்தறியாதாரும் பாட்டை நெஞ்சிற் கொள்வர், சிறு பிரசுரம் மடியிற் செருக அடங்கும், விலையும் குறைவு. வடிவமைப்பு என்னும் சொல்லை அவ்விருவரும் கையாண்டிலரெனினும், வடிவமைப்பின் முதல் விதியை அவர் அறிந்திருந்தனர். பின்னர் மலைநாட்டிலிருந்து வெளிவந்த ‘குன்றின் குரல்’, ‘தீர்த்தக்கரை’, ‘நந்தலாலா’ முதலிய இதழ்களும் சிறு முதலிலே பெருமுயற்சியால் நடந்தவை. அவற்றின் வழியில் வருவதாகத் தன்னை எண்ணும் பக்கம், படிப்பாரின் கையையும் பையையும் மறத்தல் தகாது.

இங்கே ஒரு மறுப்பு எழுதல் கூடும். பொழுதுபோக்காகச் செய்யும் ஒன்றின் மேல் இத்துணைச் சுமையை ஏற்றலாமோ? ஒருவர் தம் மகிழ்ச்சிக்காக ஒரு பக்கத்தை வரைந்தால், அதிலே பச்சை மலையையும் புன்னகை முகத்தையும் வைத்து மகிழ அவர்க்கு உரிமை இல்லையோ? உரிமை உண்டு, ஐயமில்லை. ஆயினும் உரிமையின் பயன் யாது என்பதே வினா. ஊதியத்துக்காகப் பக்கம் அமைப்போர் வாடிக்கையாளர் வேண்டிய படத்தை வைக்கக் கடமைப்பட்டவர். தேயிலை வணிகர் புன்னகையைக் கேட்டால் அவர் புன்னகையைத் தருவர். பொழுதுபோக்காளரை அவ்வாறு கட்டுப்படுத்துவார் எவருமிலர். கூலியின்றிக் கிடைத்த அச்சுதந்திரத்தை, கூலிக்கு வரைந்தோரின் படத்தையே மீண்டும் வரையச் செலவிடுதல் வியத்தற்குரியது. கோலமிடுபவளுக்கும் கூலியில்லை, அதனாலேயே அவள் நேற்றைய கோலத்தை இன்று இடுவதில்லை.

இன்னுமொரு மறுப்பும் உண்டு. மலைநாட்டுத் துயரையே என்றும் காட்ட வேண்டுமோ, அழகைக் காட்டலாகாதோ என்பர் சிலர். துயரமே படமாதல் வேண்டும் என்பது இங்கே கூறப்பட்ட கருத்தன்று. இடிந்த லயத்தையும் அழும் குழந்தையையும் மட்டுமே காட்டுவதும் பிறர் கண்ணுக்காக வரைதலேயாகும். முன்னையது வாங்குவோரை நோக்கியது, பின்னையது இரங்குவோரை நோக்கியது. இரண்டிலும் தோட்டத்தவர் பார்க்கப்படும் பொருளாய் நிற்கின்றாரேயன்றிப் பார்ப்பவராய் இல்லை. தோட்டப் பள்ளியின் தேர்வு முடிவு, கோயில் திருவிழா நிரல், பேருந்து நேரம், முன்னோர் வந்த ஊர்ப்பெயர், பாட்டியர் வாய்ப்பாட்டு ஆகியவற்றை நன்கமைத்து வைத்த பக்கத்திலே அழகும் இருக்கும். பார்ப்பவரும் அவராகவே இருப்பர். தோட்டப் பெயர்களே இதற்குச் சான்று. டன்சினேன், கிளென்கேர்ன் எனத் துரைமார் தம் நாட்டு நினைவாகச் சூட்டிய பெயர்கள் பலகைகளில் நிற்க, தொழிலாளர் தாம் இட்ட தமிழ்ப் பெயர்களாலேயே தோட்டங்கள் பலவற்றை வழங்கிவந்தனர். தலைப்பிலே அத்தமிழ்ப் பெயர் நின்றால், பக்கம் பாதி அமைந்துவிட்டது எனலாம்.

முடிவாக, நிலைபேற்றைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1994ஆம் ஆண்டு தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் நிறுவனம் உலகெங்குமுள்ள பொழுதுபோக்காளர்க்கு இலவசமாகப் பக்கங்களை வழங்கியது. அங்கே துறைக்கொரு குடியிருப்பு வகுக்கப்பட்டுக் கல்விக்கு ஏதென்ஸ், திரைப்படத்துக்கு ஹொலிவூட் என்று பெயரிடப்பட்டன; ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டிலக்கம் போல ஓர் எண்ணும் கொடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு அந்நிறுவனத்தை அதன் உரிமையாளர் மூடியபோது அம்முகவரிகள் யாவும் ஒருங்கே மறைந்தன. தன்னார்வலர் முன்கூட்டியே பிரதி செய்து காத்தவை மட்டும் எஞ்சின. இரவலிடத்திற் கட்டிய வீட்டுக்கு உறுதியில்லை என்பது லயத்தில் வாழ்ந்தோர்க்குப் புதிய பாடமன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை எஞ்சியோர் உரிமைக்குக் காத்திருந்த மக்களுக்கு, பதிவு அழிதல் என்பதன் பொருள் நன்கு தெரியும். ஆதலின், பக்கம் அமைப்போர் அதன் பிரதியொன்றைத் தம்மிடமும், 2005ஆம் ஆண்டு தொடங்கி ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துவரும் நூலகம் போன்ற பொது ஆவணகத்திலும் வைத்தல் நன்று. படங்களுக்குக் கீழே ஆளின் பெயரும் இடமும் ஆண்டும் எழுதப்பட்டிருப்பின், ஐம்பதாண்டுகளின் பின்னரும் அவை சான்றாகும். இல்லையேல் பெயரற்ற முகங்களின் தொகை மேலும் ஒன்று பெருகும்.

சொந்தப் படைப்பு என்பது இதுவரை எவருங் காணாத அலங்காரத்தைக் காண்டலன்று. தன் மக்களைப் பெயரோடு காட்டும் படம், தன் மொழியின் இயல்பறிந்து நிற்கும் எழுத்து, தன் படிப்பாரின் நிலையறிந்த அமைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கு கூடுமிடத்தே அது பிறக்கும். அத்தகைய பக்கம் ஒன்று அட்டனிலோ நுவரெலியாவிலோ ஓர் இளைஞரின் கையால் அமையுமாயின், அங்கே வரும் கடிதம் எந்த அலுவலகத்திலும் தங்காது. உரியவர் கையையே நேராகச் சேரும்.